மோட்டாரு பாவம்

தண்ணீரில் பாதி வழியில் நின்றுபோன படகை எடுத்துவந்து கையில் கொடுத்தால், அண்ணாச்சி முதலில் அதை முகர்ந்து பார்ப்பார். குழம்பு அடிபிடித்திருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி மூக்கை உள்ளே விட்டு ஓர் இழுப்பு. அதற்குப் பிறகுதான் கண்ணும் கையும் வேலைக்கு வரும். கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தாலும், மோட்டார் போய்விட்டது என்று மட்டும் அவர் வாயிலிருந்து வராது.

"மோட்டாரு பாவம், தங்கச்சி. அது சுத்தத்தான் பாக்கு. எதுவோ புடிச்சி வச்சிருக்கு. அது என்னன்னு மொதல்ல பாப்போம்."

பாவம் என்ற சொல்லை அவர் மனிதர்களுக்கு இவ்வளவு தாராளமாகச் செலவழித்து நான் பார்த்ததில்லை.

ரிமோட்டில் ஓடுகிற மின்சாரப் படகுகளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொம்மைப் படகு என்று சொன்னால் எங்கள் கூட்டத்தில் அடிக்க வருவார்கள். மாடல் படகு என்றுதான் சொல்ல வேண்டும். கொட்டிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் செயலாளருக்கும் இந்தப் பித்து உண்டு. அதனால் அங்கிருக்கிற நீச்சல்குளம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுடையது. நான் அந்தக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததே ஒரு கூத்து. அக்கா மகனுக்குப் பிறந்தநாளுக்கென்று ஓர் இழுவைப் படகு வாங்கினேன். அவன் ஒரு வாரத்தில் அதைக் கடாசிவிட்டுச் செல்போனுக்குத் திரும்பிவிட்டான். வங்கியில் நாள் முழுக்கக் கவுண்டரில் உட்கார்ந்து, சர்வர் டவுன், சர்வர் டவுன் என்று சொல்லியே தேய்ந்துபோன எனக்கு, சொன்னபடி கேட்கிற அந்தப் படகு பெரிய ஆறுதலாக இருந்தது. அது நின்றுபோன அன்றைக்குத்தான் மேல்வீட்டு அண்ணாச்சிக்கும் இதே பித்து என்று தெரிந்தது.

மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே அவர் வீடு. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் காலமெல்லாம் நின்றவர். திருநெல்வேலிப் பக்கம். கடையிலும் அண்ணாச்சி, தெருவிலும் அண்ணாச்சி, குளத்திலும் அண்ணாச்சி. பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார் என்பதால், நானும் இங்கே அதை எழுதவில்லை.

படகு நின்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் பேட்டரி. பிறகு வயர், பற்றவைத்த இடங்கள். பிறகு மோட்டாரிலிருந்து வால்பக்க விசிறிக்குப் போகிற மெல்லிய இரும்புத் தண்டு. எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் மோட்டார் மேல் சந்தேகம். பெரும்பாலும் அதுவரை போகவே வேண்டியிருக்காது. குளத்தில் குளித்தவர்களின் தலைமுடி ஒன்று அந்தத் தண்டில் சுற்றிக்கொண்டு இறுகியிருக்கும். கண்ணுக்கே தெரியாத ஒற்றை முடி. மோட்டார் இழுத்து இழுத்துப் பார்த்துச் சூடாகி நின்றிருக்கும். அண்ணாச்சி முள்ளெடுக்கிற இடுக்கியால் அதை உருவி வெயிலில் தூக்கிப் பிடிப்பார்.

"இந்தா, ஒங்க எதிரி. இதுக்குப் போயி மோட்டாரத் தூக்கி எறியச் சொன்னியளே."

பத்துக்கு ஒன்பது தடவை அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அந்த ஒன்பதுதான் அவரைக் கெடுத்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பத்தாவது, ஸ்டீபனுடைய பந்தயப் படகு. ஸ்டீபன் திருவான்மியூர்க் குப்பத்துக்காரன். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் மட்டும் கரையில் இருந்து அவர்களுடைய படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறான். கல்யாணமானவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். குளத்துக்கு வந்தால் மட்டும் அவனே மூன்றாவது பிள்ளை. அவன் படகின் மோட்டார் ஒரு நாள் நிஜமாகவே எரிந்துபோனது. உள்ளே சுற்றியிருந்த செப்புக் கம்பி கரியாகிக் கையோடு வந்தது.

"இன்னா அண்ணாச்சி, அது செத்து நாளாச்சி. புதுசு ஒண்ணு போட்டுக்கினா முடிஞ்சிச்சி. நீ இன்னாத்துக்கு இதோட மல்லுகட்டிக்கினு கீற?"

"செத்துச்சின்னு சொல்லாதல. ஒனக்கு எல்லாத்துக்கும் அவசரம்."

மழைக்காலம் முடிகிறவரை உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து, மெல்லிய கம்பியைத் தானே மறுபடி சுற்றிப் பொருத்திக் கொண்டுவந்தார். படகும் ஓடியது. முனகிக்கொண்டு, தண்ணீருக்கு மேல் நூலாகப் புகைவிட்டுக்கொண்டு ஓடியது. எல்லோரும் கரையிலிருந்து போதும் போதும் என்று கத்தினோம். அவர் விரலை எடுக்கவில்லை. "ஓடுதுல்லா! ஓடுதுல்லா!" என்று குளத்தைச் சுற்றி அதனோடே நடந்தார். கடைசியில் மோட்டார் சூட்டில் அடித்தட்டு உருகி, தண்ணீர் புகுந்து, ஸ்டீபனின் மொத்தப் படகும் நடுக்குளத்தில் முழுகிப்போனது.

"ஓடிச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

இதைச் சொல்லிச் சொல்லி மாதக்கணக்கில் சிரித்தோம்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு வாய் ஒரு முழம் நீளம். மேல்வீட்டில் அவர் பேசுவது கீழ்வீட்டு அடுப்படிக்குக் கேட்கும்; கேட்காவிட்டால் எனக்கு அன்றைக்குக் காபி இறங்காது. படகு மோட்டாருக்கு அவர் வைத்த பேர் சக்களத்தி. "கடையில சேலைய விரிக்காரு, வீட்ல சக்களத்தியப் பிரிக்காரு. ரெண்டுக்கும் நடுவுல நான் ஒருத்தி சோறு வடிச்சிக்கிட்டுக் கெடக்கேன்" என்பார். சாப்பாட்டு மேசையில் கிடக்கிற திருகாணிகளைத் திட்டிக்கொண்டே பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு மூடியும் வைப்பார். ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

அந்த அக்காவுக்கு ஒரு நாள் ஊக்கு மாட்ட வரவில்லை. பிறகு பூட்டில் சாவி திரும்பவில்லை. பிறகு பேச்சு கொழகொழத்தது. வாய் நிறைய வெற்றிலை வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று நான் நினைத்தேன். மகள் செல்வி மதுரையில் இருந்தாள். அதனால் அடையாறில் நரம்பு மருத்துவரிடம் என் காரில்தான் அழைத்துப்போனேன். மருத்துவர் நிதானமாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மூளையிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் முழுசாக விழித்திருக்கும். குணப்படுத்த மருந்து இல்லை. மோட்டார் நியூரான் நோய் என்று பேர்.

காரில் அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். சிக்னலில் நின்றபோது திடீரென்று சிரித்தார்.

"நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன், தங்கச்சி. மோட்டாருதான!"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். முகம் நிஜமாகவே தெளிந்திருந்தது. பின்சீட்டிலிருந்து அக்கா, நாக்கைப் புரட்டிப் புரட்டி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சக்களத்தி... என் ஒடம்புக்குள்ளயே... வந்துட்டா, பாத்தியளா."

அண்ணாச்சி முட்டாள் இல்லை. மருத்துவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்கும். புரிய வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அதற்குச் சாக்காக அந்த ஒரு சொல் கிடைத்தது. நான் இரண்டு மூன்று தடவை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "பேரு வைக்கிறது டாக்டர் வேல. ஓட வைக்கிறது நம்ம வேல" என்று முடித்துவிட்டார்.

கடையை விட்டு நின்றுவிட்டார். குளத்துக்கும் வருவதில்லை. படகுக்கு வைத்திருந்த முறையை அப்படியே அக்காவுக்கு வைத்தார். பேட்டரி என்றால் சாப்பாடு: முட்டை, ஆட்டுக்கால் சூப், பேரீச்சம்பழம், விழுங்க முடியாத அளவுக்கு. வயர் என்றால் நரம்பு: காலையும் மாலையும் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவார். ஆரம்பத்தில் அதைப் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது. மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, மெல்லிய ஸ்பிரிங் வைத்து ஒரு கையுறை செய்தார். அதை மாட்டிக்கொண்டு அக்கா கொஞ்ச காலம் தானே கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். ஸ்டீபன் ஒரு நாள் வஞ்சிரம் மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதைப் பார்த்து, "சூப்பர் அண்ணாச்சி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினான்.

அதன் பிறகு கரண்டியும் நின்றது. பேச்சும் நின்றது. என் அடுப்படிக்கு மேலே வீடு ஓசையில்லாமல் கிடந்தது. செல்வி ஊரிலிருந்து வந்தபோது ஓர் அட்டை செய்துகொண்டுவந்தாள். உயிரெழுத்துகள் மேலே ஒரு வரிசை, கீழே க, ங, ச என்று பதினெட்டும் பெரிது பெரிதாக. யாராவது விரலை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் அக்கா கண்ணை மூடினால் போதும். கண் மட்டும் அப்போதும் அவர் சொன்னபடி கேட்டது. அண்ணாச்சி அந்த அட்டையை வாங்கிப் பீரோ மேல் போட்டுவிட்டார்.

"இத குடுத்துப் பழக்குனா நாக்கு சோம்பிரும்மா. அப்பறம் பேச்சு வராது."

"அப்பா, அம்மாவுக்கு என்ன வேணும்னாவது தெரிய வேண்டாமா?"

"எனக்குத் தெரியாதா அவளுக்கு என்ன வேணும்னு?"

கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த பெண் ஒருமுறை ஒரு சின்னக் கருவியை அக்காவின் கையில் ஒட்டி, லேசாக மின்சாரம் விட்டுக் காட்டினாள். விரல் துள்ளியது. இந்த நோய்க்கு இதனால் பயனில்லை என்றும் அவளே சொன்னாள். அண்ணாச்சி காதில் அது விழவில்லை. அதேபோல் ஒன்று வாங்கிவிட்டார். தினமும் வைத்தார். துள்ளல் குறையக் குறைய மின்சாரத்தைக் கூட்டினார்.

ஒரு நாள் காலையில் ரசம் கொண்டுபோயிருந்தேன். அக்காவைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். முன்னங்கையில் இரண்டு பட்டைகள், அவற்றிலிருந்து வயர்கள். சுட்டுவிரல் வெட்டி வெட்டி இழுத்தது.

"பாத்தியளா! பாத்தியளா தங்கச்சி! மோட்டாரு நல்லாத்தான் இருக்கு!"

அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக் கை கிடையாது. நான் ரசத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

"அக்கா, வலிக்குதா?"

கண்ணை மூடினார்.

"இது வேண்டாமா?"

மூடிய கண்ணை இன்னும் இறுக்கினார். திறக்கவே இல்லை.

"அண்ணாச்சி, அவங்களுக்கு வலிக்குது. வேண்டாங்கறாங்க. எடுங்க அத."

"வலிச்சா நல்லதுதான? வயரு உயிரோட இருக்குன்னுதான அர்த்தம்?"

எனக்கு வந்த கோபத்தில் வயரைப் பிடுங்கிவிட்டேன். பட்டை ஒட்டியிருந்த இடம் சிவந்திருந்தது. அவர் அந்த இடத்தில் எண்ணெய் தடவினார். எண்ணெய் தடவியபடியே, "நாளைக்குக் கொஞ்சம் கொறச்சி வைக்கேன், என்ன?" என்று அக்காவிடம் சொன்னார். அவ்வளவு பிரியமாகச் சொன்னார். அந்தப் பிரியத்தைக் கண்டு எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர் அக்காவைச் சாகவும் விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கி வந்தேன்.

நான் பயந்தது சீக்கிரமே வந்தது. சளி கட்டி மூச்சு திணறி, அக்காவை மருத்துவமனையில் சேர்த்தோம். பெரிய மருத்துவர் அண்ணாச்சியையும் செல்வியையும் உட்காரவைத்துப் பேசினார். செல்வி என் கையை விடாததால் நானும் இருந்தேன். மூச்சுத் தசை ஓய்ந்துவிட்டது, தொண்டையில் துளை போட்டு மெஷினில் இணைக்கலாம், இணைத்தால் அப்படியே பல வருடம்கூட இருப்பார், இணைக்காவிட்டால் சில நாள்தான், மூச்சுத் திணறல் தெரியாமலிருக்க மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்.

"போடுங்க" என்றார் அண்ணாச்சி. யோசிக்கவே இல்லை.

"அம்மாவக் கேக்கணும்" என்றாள் செல்வி.

"அவளால எப்படிச் சொல்ல முடியும்?"

செல்வி பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள். பீரோ மேலிருந்து எப்போது எடுத்தாளோ, தெரியாது. அண்ணாச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குடு, நானே கேக்கேன். என் வெரலுன்னாதான் அவளுக்குத் தெரியும்" என்று வாங்கிக்கொண்டார்.

படுக்கைக்கு ஒரு பக்கம் அவர், மறு பக்கம் நாங்கள். பட்டுச் சேலை அடுக்கில் விரல் ஓட்டிப் பழகியவர். எழுத்துகள் மேல் விரல் பதறாமல் நகர்ந்தது. கீழ் வரிசைகளில் தொடங்கினார். க, ங, ச... முதல் வரிசை போயிற்று. இரண்டாவது வரிசையும் போயிற்று. 'வ'வில் அக்கா கண்ணை மூடினார். விரல் மேலே உயிரெழுத்துக்குப் போனது. அ. ஆ. இ.

இ-யில் கண் மூடியது. எனக்கும் தெரிந்தது, செல்விக்கும் தெரிந்தது. விரல் அங்கேயே நின்றது. நகத்தின் நுனி வெளுக்கிற அளவுக்கு அட்டையை அழுத்திக்கொண்டு நின்றது. பிறகு, அக்காவின் கண் இன்னும் மூடியிருக்கும்போதே, மெதுவாகப் பக்கத்து எழுத்துக்கு நகர்ந்தது.

"ஈ" என்றார்.

அடுத்தது 'ட'. அதற்கு அடுத்தது உ. அதோடு அக்கா கண்ணைத் திறந்து அவரையே பார்த்தார். மேற்கொண்டு எழுத்து இல்லை.

"வீடு" என்று அண்ணாச்சி சத்தமாகச் சொன்னார். "வீட்டுக்குப் போணுங்கா."

செல்வி வாயைத் திறந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள், தன் அம்மாவைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

மருத்துவரிடம் போய் அண்ணாச்சியே சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோனால் இந்த மெஷின் இருக்காதே, புரிகிறதா என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"அவ வாய் தெறந்து கேட்டது வீடு ஒண்ணுதான், சார். மெஷினெல்லாம் அவ கேக்கல."

மந்தைவெளிக்குக் கொண்டுவந்தோம். மருந்து கொடுக்க ஒரு நர்ஸ் வந்துபோனாள். அண்ணாச்சி வேறு ஒன்றும் செய்யவில்லை. எண்ணெய் இல்லை, சூப் இல்லை, வயர் இல்லை. அந்தக் கருவியை எங்கே போட்டாரோ, நான் மறுபடி பார்க்கவில்லை. சன்னலைத் திறந்துவைத்துவிட்டு, மேல்பாலத்தில் பறக்கும் ரயில் போகிற சத்தத்தைக் கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மூன்று நாள் அப்படிப் போனது. ஒரு மத்தியானம், நான் வங்கியிலிருந்து இன்னும் வராத நேரம், அக்காவின் மூச்சு நின்றது. அவர் யாரையும் கூப்பிடாமல் வெகுநேரம் அப்படியே இருந்தாராம், செல்வி சொன்னாள்.

காரியமெல்லாம் முடிந்து செல்வி ஊருக்குக் கிளம்புகிறவரை அந்த அட்டை விஷயத்தை நாங்கள் பேசவில்லை. கிளம்புகிற அன்று ரயில் நிலையத்தில் மட்டும், "அப்பா தப்பாப் படிச்சது நல்லதாப் போச்சு அத்தை. கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியவே வேண்டாம்" என்றாள். நானும் சரி என்றேன். அவருக்குத் தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

அவளை ஏற்றிவிட்டு வந்து மேல்வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அண்ணாச்சி அக்காவின் சேலைகளைக் கட்டிலில் போட்டு, கடையில் மடிக்கிற மாதிரி, மடிப்பு மாறாமல் மடித்துக்கொண்டிருந்தார். யாருக்கோ கொடுக்கப்போகிறாராம். செல்வி ஏறிவிட்டாளா என்று கேட்டார். ஏறிவிட்டாள் என்றேன். இன்னொரு சேலையை எடுத்து உதறினார்.

"அவகிட்ட ஒண்ணு சொல்லிருங்க, தங்கச்சி. நான் சொன்னா நல்லாருக்காது."

"என்ன அண்ணாச்சி?"

"நான் தப்பாப் படிச்சேன்னு நெனச்சிக்கிட்டுப் போறா. அவ மூஞ்சியில தெரிஞ்சிது. ஒங்க மூஞ்சியிலயும்தான்."

அவர் சேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குக் குறில் நெடில் தெரியாதா? அவ என்னப் பாத்து 'விடு'ன்னா. அந்த வார்த்தைய என் வாயால சொல்ல வரல. கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சிது."